உடற்கல்விப் பாடவேளையும் மதிப்பெண்ணும்

ஓடியாடும் குழந்தை நன்றாகப் படிக்கும் என்பது, பள்ளி நலப் பணியில் இருப்போர் உடற்கல்விப் பாடவேளைக்காகத் தலைமையாசிரியரிடம் வாதாடும்போதெல்லாம் முதலில் எடுத்து வைக்கும் கூற்றாகிவிட்டது. அதில் உண்மை உண்டு; எனினும் அதை எந்த எல்லைவரை நம்பிப் பேசலாம் என்று ஆராயாமல், விளையாடினால் மதிப்பெண் கூடும் எனப் பெற்றோருக்கு வாக்களிப்பது அந்தப் பாடவேளையையே பின்னாளில் பறிகொடுக்கச் செய்யும் என்று இவ்விதழ் கருதுகிறது.

இந்தக் கேள்விக்கு அடிப்படையான சில அளவீடுகள் புதுச்சேரியிலேயே செய்யப்பட்டவை. ஜிப்மர் உடலியங்கியல் துறையில் மதன்மோகனும் உடன்பணியாற்றியோரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 27 மாணவத் தன்னார்வலர்களுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி அளித்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் எதிர்வினை நேரம், அதாவது ஒளியோ ஒலியோ தோன்றியதிலிருந்து விரல் அசையும்வரை கழியும் நேரம், அளக்கப்பட்டது; ஒளிக்கான நேரம் சுமார் 270 மில்லி விநாடியிலிருந்து 225க்கும், ஒலிக்கான நேரம் 194இலிருந்து 157க்கும் குறைந்தது. 2003இல் ஆனந்த பாலயோகி பவனானி, மதன்மோகன், உடுப்பா ஆகியோர் யோகம் பயின்றுவந்த 22 பள்ளிச் சிறுவர்களிடம், முக பஸ்திரிகா என்னும் வேகமான மூச்சுப் பயிற்சியின் ஒன்பது சுற்றுகளுக்குப் பின் இந்த நேரம் உடனடியாகக் குறைவதைக் கண்டனர். பின்னர் மதன்மோகனும் பவனானியும் பிள்ளையார்குப்பத்திலுள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியின் யோக சிகிச்சை மையத்தை வழிநடத்தியதால், அந்த ஆய்வு மரபும் பாகூர் வட்டாரத்துக்கே வந்து சேர்ந்தது.

இந்த முடிவுகள் மதிப்புள்ளவை. ஆனால் விரல் விரைவாக அசைவதும் கணக்குத் தேர்வில் தேர்ச்சி பெறுவதும் ஒன்றாகிவிடாது. இரண்டுக்கும் இடையே கவனம், நினைவு, வீட்டுச் சூழல், பசி, ஆசிரியரின் திறமை எனப் பல படிகள் உள்ளன. இவற்றுள் கவனத்தைப் பற்றித்தான் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 7 முதல் 9 வயதுவரையான 221 குழந்தைகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்பது மாதம் பள்ளி முடிந்தபின் உடற்பயிற்சி அளித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், கவனச் சிதறலை அடக்குதல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல் ஆகிய திறன்கள் அக்குழுவில் கூடுதலாக வளர்ந்தன. தன் செயலைத் தானே கட்டுப்படுத்தி நடத்தும் இத்திறன்களை உளவியலார் நிறைவேற்றுச் செயல்பாடுகள் என்பர். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்திருக்கும் குழந்தைக்கு நொடிதோறும் தேவைப்படுபவை இவையே.

அடுத்த படியில், அதாவது மதிப்பெண்ணில், சான்று தடுமாறுகிறது. கான்சாஸ் மாநிலத்தின் 17 தொடக்கப்பள்ளிகளில் மூன்றாண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வு, பாடத்தோடு உடலசைவைக் கலந்து கற்பித்த பள்ளிகளிலும் வழக்கம்போல் கற்பித்த பள்ளிகளிலும் கல்வித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இத்தகைய முடிவு ஒன்று நாளை இங்கும் வருமானால், மதிப்பெண்ணைக் காட்டிப் பெற்ற பாடவேளையை எந்த நியாயத்தைச் சொல்லித் தக்கவைப்பது?

அதற்கான விடை, கியூபெக் மாநிலத்தின் த்ருவா ரிவியேர் பகுதியில் 1970களில் நடந்த ஆய்வில் இருக்கிறது. அங்குத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு வாரம் ஐந்து மணி நேரம் கூடுதல் உடற்கல்வி தரப்பட்டு, அதற்கான நேரம் மற்றப் பாடங்களிலிருந்தே எடுக்கப்பட்டபோதும், அவர்களின் படிப்பு பின்தங்கவில்லை. விளையாட்டுக்குக் கொடுத்த நேரத்தால் படிப்பு கெடாது என்னும் இந்தக் கூற்று, படிப்பு உயரும் என்பதைவிட அடக்கமானது, ஆனால் தாங்கும் வலுவுள்ளது. எலும்பும் இதயமும் மனநலமும் வளர்வதற்காக 5 முதல் 17 வயதுவரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதோடு இதைச் சேர்த்து வைத்தாலே வாதம் நிறைவு பெற்றுவிடும்.

நடைமுறைக் குறை வேறிடத்தில் உள்ளது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலையும், ஆறு முதல் எட்டுவரையான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டும்போது பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரையும் கேட்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் தழுவிய மத்திய இடைநிலைக் கல்வி வாரியமோ 9 முதல் 12ஆம் வகுப்புவரை உடற்கல்வியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் கேட்டால் முதலில் கைமாறுவது பி.டி. பீரியட் என்பதைப் பள்ளி வாசலை மிதித்த எவரும் அறிவர். கைமாறாமல் தப்பிய பாடவேளையிலும், ஒரே வாலிபாலை நம்பி வகுப்பு முழுவதும் திடலுக்கு வர, துடிப்பான சில பையன்கள் ஆட, மற்றவர் வரிசையில் முறைக்காகக் காத்து நிற்க, பெரிய மனுஷியான பெண்கள் வேப்பமர நிழலில் அமர்ந்து மணியடிக்கக் காத்திருப்பதுண்டு. கால அட்டவணையில் இது நாற்பது நிமிட உடற்பயிற்சியாகவே பதிவாகிறது. அப்பெண்களின் உடலுக்கு அதில் ஒரு நிமிடமும் சேரவில்லை. செலவில்லாத கோகோவும் கபடியும் கையருகே இருக்கையில் இந்நிலை தொடர்வது வருந்தத்தக்கது.

எனவே பாகூர், வில்லியனூர் கொம்யூன் பள்ளிகளில் ஆய்வு தொடங்குவோர் முதலில் அளக்க வேண்டியது, எந்தக் குழந்தை உண்மையில் எத்தனை நிமிடம் அசைந்தது என்பதையே. அதனோடு இரத்தச்சோகையையும் குடும்ப வருவாயையும் சேர்த்துப் பதியாவிட்டால், நன்கு உண்டு வளர்ந்த குழந்தை நன்றாக ஓடுவதையும் நன்றாகப் படிப்பதையும் கண்டு, ஓட்டமே படிப்பைத் தந்தது எனத் தவறாக முடிவு கட்ட நேரிடும். பங்குனி, சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் திடல் பயன்படாத நாட்களுக்குத் தாழ்வாரத்திலேயே செய்யத்தக்க பயிற்சிகளை உடற்கல்வி ஆசிரியர்களும் யோகப் பயிற்றுநர்களும் கூடி வகுப்பது அவசரத் தேவை. இவ்வகை ஆய்வுகளை இவ்விதழ் ஆவலோடு வரவேற்கிறது; மதிப்பெண்ணில் மாற்றமில்லை என்று முடியும் கட்டுரைக்கும், மாற்றம் கண்ட கட்டுரைக்குத் தரும் அதே இடம் தரப்படும்.