புகை நாளுக்கும் கூலி வேண்டும்

அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில், சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், திராட்சை அறுவடைக் காலமும் காட்டுத் தீயின் காலமும் ஒன்றாகவே வருகின்றன. கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைகள், தெற்கே தெஹாச்சப்பி மலை. மூன்று புறமும் அடைபட்ட இந்தக் கிண்ணத்தில் இறங்கும் புகை எளிதில் வெளியேறுவதில்லை. மேலே வெப்பக் காற்று மூடிபோல் கவிந்துகொண்டால் நாட்கணக்கில் தங்கிவிடும். 2020 செப்டம்பரில் பிரெஸ்னோ ஜில்லாவின் மலைக் காட்டில் மூண்ட தீ மட்டும் சுமார் 3,80,000 ஏக்கரை அழித்தது.

"வீட்டுக்குள் இருங்கள், ஜன்னல்களைச் சாத்துங்கள்" என்பதே அதிகாரிகள் கூறும் புத்திமதி. நல்ல புத்திமதிதான். ஆனால் பழம் பறிக்கும் ஆணும் பெண்ணும் எந்த வீட்டுக்குள் இருப்பது? பொழுது விடிந்தால் அவர்கள் இருக்குமிடம் திராட்சைக் கொடியடி. பறித்த அளவுக்கே கூலி என்ற முறை பல தோட்டங்களில் உண்டு. மூச்சுத் திணறி உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போயிற்று. குடியேற்றப் பத்திரம் இல்லாத தொழிலாளர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கு வேலையில்லாக் கால நிவாரணம் கிடையாது. வாய் திறந்து கேட்டால் நாடு கடத்துவார்களோ என்ற பயம் வேறு.

2019 ஜூலையில் ராஜ்ய சர்க்கார் ஓர் அவசர விதி கொண்டுவந்தது. காற்றின் மாசுக் குறியீடு 151ஐ எட்டினால், புகையைத் தவிர்க்க வேறு வழியில்லாத இடத்தில், முதலாளி என்-95 முகமூடி கொடுக்க வேண்டும். அணிவது தொழிலாளியின் இஷ்டம்; 500ஐத் தாண்டினால்தான் கட்டாயம். மத்திய சர்க்கார் இந்த அளவுக்குக்கூட விதி செய்யாத நாட்டில் இது முன்னேற்றமே. ஆனால் கடும் வெயிலில், இறுகிய முகமூடியோடு எத்தனை மணி நேரம் குனிந்து நிமிர முடியும்? விதி எழுதியவர்கள் ஒரே ஒரு வரிசை பறித்துப் பார்க்கட்டும்!

புகை எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்தியே தீர வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. நிறுத்திய நாளின் கூலியை யார் கொடுப்பது என்பதைப் பற்றியும் மௌனம். முகமூடிக்குச் செலவு செய்ய முதலாளிமார் சம்மதிக்கலாம். பழம் கொடியில் கிடக்கச் சம்மதிப்பார்களா?

இதே பள்ளத்தாக்கில், டெலானோவில், 1965 செப்டம்பரில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாட்களில் மெக்ஸிகோத் தொழிலாளர்களும் சேர்ந்தனர். ஐந்தாண்டுகள் போராடி, 1970ல் கூலி உயர்வோடு பூச்சி மருந்திலிருந்து பாதுகாப்பையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினர். மருந்துக்கு எழுதியதைப் புகைக்கும் எழுத வேண்டும்: வேலை நிற்க வேண்டிய அளவு, அன்றைக்கு முழுக் கூலி, பத்திரம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும்.