தொகை வேறு, தொகை வேறு

பைத்தானில் இரண்டே வரி எழுதுங்கள். முதல் வரியில் 'தொகை' என்ற பெயருக்கு 500 என்று மதிப்புக் கொடுங்கள். அடுத்த வரியில் அந்தத் 'தொகை'யை அச்சிடச் சொல்லுங்கள். 500 வரும். வராமல் எங்கே போகும் என்பீர்கள். போகலாம். இரண்டாவது வரியில் இருக்கும் தொகை, முதல் வரியில் இருக்கும் தொகை அல்ல.

முதல் தொகையில் 4 குறியீடுகள்: த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி. இரண்டாவதில் 5: த, ஒற்றைக் கொம்பு, கால், க, ஐகாரக் குறி. யூனிகோடில் ஒகரக் குறிக்கு 3018 என்று தனி எண் இருக்கிறது. கொம்புக்கு 3014, காலுக்கு 3006. ஒரு 3018 போட்டாலும், 3014-ஐயும் 3006-ஐயும் அடுத்தடுத்துப் போட்டாலும் திரையில் தெரிவது அதே 'தொ'தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கிடைக்காது. பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தை யூனிகோடுக்கு மாற்றும்போதும், பி.டி.எஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டும்போதும் இந்த 5 குறியீட்டுத் தொகை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

பைத்தான் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்கிறது. அதே இரண்டு வரியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழை வரும். ஜாவாவும் அப்படித்தான். இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒன்றாக இருந்தால்தான் ஒன்று என்று அந்த மொழிகளின் விதிநூல்களில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆகவே இதைப் பிழை என்று சொல்ல முடியாது. தெரிந்தே எடுத்த முடிவு. எனக்குப் பிடிக்காத முடிவு.

ஒரு நிரல்மொழியின் வயிற்றுக்குள் நடக்கும் வேலைகளில் மிகச் சாதாரணமானது இதுதான்: ஒரு பெயர் செல்லுமா, இரண்டு பெயர்கள் ஒன்றா. மொழியை உருவாக்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆங்கிலம் மட்டும் இருந்த காலத்தில் அப்படிப் போக முடிந்தது. அப்போதும் முழுக்க முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஃபோர்ட்ரான் 77-இல் பெயர் 6 எழுத்தைத் தாண்டக் கூடாது. 1989-ஆம் ஆண்டின் சி தரநிலை, கோப்பு விட்டுக் கோப்பு போகும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டுமே உத்தரவாதம் தந்தது. ஏழாவது எழுத்தில் வேறுபடும் இரண்டு பெயர்களை லிங்க்கர் ஒன்றாக எடுத்துக்கொண்டால் கேள்வி கேட்க முடியாது. சி மொழிக்காரர்களின் கையில் புரளும் பிரின்ட்எஃப், மால்லாக், ஸ்ட்ர்கம்ப் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், 6 எழுத்துதான். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற தகராறு தனி. பி.எச்.பி-யில் ஃபங்ஷன் பெயர்களுக்கு அந்த வித்தியாசம் கிடையாது, வேரியபிள் பெயர்களுக்கு உண்டு. துருக்கியில் 'ஐ' எழுத்தின் பெரிய வடிவம், சின்ன வடிவம் வேறு மாதிரி இணை சேரும். அதனால் கணினியைத் துருக்கிய மொழிக்கு மாற்றியதும், அந்த எழுத்து உள்ள கிளாஸ் பெயர்கள் பி.எச்.பி-யில் காணாமல் போன கதை ஆண்டுக்கணக்கில் ஓடியது.

பைத்தானுக்கு வருவோம். 2007-இல் மார்ட்டின் வான் லோவிஸ் முன்வைத்த பெப் 3131 என்ற முன்மொழிவுதான் ஆங்கிலம் அல்லாத பெயர்களுக்குக் கதவைத் திறந்தது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அடுத்தவர் நிரலை எப்படிப் படிப்பது, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை வைத்து யாராவது ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-இல் சேர்ந்தது. பைத்தானோடு வரும் நூலகத்தில் மட்டும் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அதே முன்மொழிவு கறாராகச் சொன்னது.

உள்ளே நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில், பெயர் செல்லுமா என்ற சோதனை. யூனிகோட் தன் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பெயரின் முதலில் வரலாமா, நடுவில் வரலாமா என்று இரண்டு தகுதிகளைக் குறித்து வைத்திருக்கிறது. நம் உயிரும், அகரமேறிய மெய்யும், ஆய்தமும் முதலில் வரலாம். கொம்பு, கால், புள்ளி எல்லாம் நடுவிலும் கடைசியிலும் மட்டும். தொல்காப்பியர் மொழிமுதல் எழுத்துகளுக்குச் சொன்ன விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ழகரம்' என்று பெயர் வைத்தாலும் பைத்தான் கண்டுகொள்ளாது. இந்தச் சோதனையை நீங்களே நடத்திப் பார்க்க ஒவ்வொரு சரத்தோடும் 'ஐஸ்ஐடென்டிஃபையர்' என்ற ஃபங்ஷன் வருகிறது. ஒரு எச்சரிக்கை: 'இஃப்', 'கிளாஸ்' போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களைக் கொடுத்தாலும் அது சரி என்றுதான் சொல்லும். வடிவம் சரியா என்பது அதன் வேலை. அந்தச் சொல் ஏற்கெனவே எடுக்கப்பட்டதா என்று பார்க்க 'கீவேர்ட்' என்ற இன்னொரு மாட்யூலைக் கேட்க வேண்டும்.

அடுத்தது ஒப்பிடுவது. பெயரில் இருப்பது முழுக்க ஆங்கில எழுத்து என்றால் பைத்தான் அதைத் தொடாது. வேறு எழுத்து ஒன்று தென்பட்டாலும் என்எஃப்கேசி என்ற சீராக்கத்துக்கு அனுப்பும். அங்கேதான் 3014-ஐயும் 3006-ஐயும் சேர்த்து 3018 ஆக்குகிறார்கள். 5 குறியீடு 4 ஆகிறது. அப்படிச் சீரான பெயரை நினைவகத்தில் ஒரே ஒரு பிரதியாக வைத்து, அதன் முகவரியை நிரல் முழுவதும் கொடுக்கிறார்கள். இன்டர்ன் செய்வது என்று இதற்குப் பெயர். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் வாங்குவது மாதிரி: அதற்குப் பிறகு யாரும் செருப்பைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறார்கள். பெயரைத் தேடும்போது முதலில் இரண்டு முகவரிகளும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒன்றென்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால்தான் ஹேஷ் எண், அதுவும் ஒத்தால் எழுத்து எழுத்தாக ஒப்பீடு. பைத்தான் நிரல் ஓடும்போது பெயரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குறுக்குவழி இல்லாவிட்டால் இப்போதிருப்பதை விட மெதுவாக நகரும்.

இதன் அழகு, சீராக்கம் ஒரே ஒரு தடவை, நிரலைப் படிக்கும்போதே நடந்துவிடுகிறது என்பதுதான். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. நிரலில் எழுதிய பெயர்தான் அந்தக் கதவு வழியாக வரும். மேற்கோளுக்குள் சரமாக வரும் பெயர் பின்வாசல் வழியாக வந்துவிடும். அதை யாரும் சீராக்குவதில்லை.

ஒரு பொருளுக்குப் புள்ளி வைத்துத் 'தொகை' என்று கேட்டால் கிடைக்கும். அதையே 'கெட்அட்டர்' கொண்டு, 5 குறியீட்டுத் தொகையைச் சரமாகக் கொடுத்துக் கேளுங்கள், அப்படி ஒரு பண்பே இல்லை என்று கைவிரிக்கும். 'செட்அட்டர்' கொண்டு 5 குறியீட்டுத் தொகையை உள்ளே வைத்தீர்களானால் நிலைமை இன்னும் மோசம். மதிப்பு அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் புள்ளி வைத்து அதை யாராலும் எடுக்க முடியாது. நீங்கள் எப்படித் தட்டினாலும் பைத்தான் அதை 4 குறியீடாக்கிவிட்டுத்தானே தேடப் போகிறது. ஜேசான் கோப்பிலிருந்து வந்த விவரங்களை இரட்டை நட்சத்திரம் போட்டு ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பினாலும் இதே கதை: 'தொகை' என்ற ஆர்க்யுமென்டை எதிர்பார்க்கவில்லை என்று பிழை வரும். ஃபங்ஷனின் தலைப்பில் 'தொகை' என்றுதான் எழுதியிருக்கும். இரவு 11 மணிக்கு இந்தப் பிழையைப் பார்க்கிறவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? வெளியிலிருந்து வரும் தமிழ்ச் சாவிகளை உள்ளே விடுமுன் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' ஃபங்ஷனில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு வரி.

சீராக்கம் சர்வரோக நிவாரணி அல்ல. 'ஸ்ரீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோட் 4.1-இல் வந்து சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத்தான் தெரியும். சீராக்கம் இவற்றைச் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது, ஏனென்றால் அவை வெவ்வேறு எழுத்துகள். நம் தமிழ் எண்கள் இன்னும் குறும்பானவை. ஒன்றைக் குறிக்கும் '௧' பார்வைக்கு 'க'தான். எட்டைக் குறிக்கும் '௮' பார்வைக்கு 'அ'தான். யூனிகோடில் ககரம் 2965, எண் ஒன்று 3047. எண் பெயரின் முதலில் வரக் கூடாது என்பதால், 'கணக்கு' என்பதில் முதல் எழுத்தாக எண்ணைப் போட்டால் சோதனையில் மாட்டிக்கொள்ளும். 'நகல்' என்பதன் நடுவில் போட்டால்? செல்லும். நகல், ந௧ல் என்று இரண்டு தனித்தனி வேரியபிள்கள் அக்கம்பக்கமாக வாழும்.

இதை வைத்து வேண்டுமென்றே ஏமாற்ற முடியும் என்பதை 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 'ட்ரோஜன் சோர்ஸ்' ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். ரஸ்ட் மொழி இங்கே மற்றவர்களை விடப் பொறுப்பாக நடந்துகொண்டது. அதே ஆண்டு ஜூனில் 1.53 பதிப்பில் பிற மொழிப் பெயர்களை அனுமதித்தபோதே, சீராக்கத்தையும் வைத்தது, ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பெயர்கள் இருந்தால் கம்பைலர் எச்சரிக்கும்படியும் செய்தது. சி++ 2023 தரநிலை வேறு வழியில் போனது: சீராக்கிய வடிவில் இல்லாத பெயர் செல்லாது, அவ்வளவுதான். கண்டிப்பான வாத்தியார். எழுதுகிறவருக்கு எரிச்சல் வரும், ஆனால் குழப்பம் வராது.

எல்லா உயிர்மெய்க்கும் ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தால் இந்தப் பாடே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். அப்படி ஒரு முறை இருக்கிறது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ் 16. ஆனால் அதன் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் இருப்பது எதையும் எழுத்து என்றே பைத்தான் மதிக்காது. பெயராகக் கொடுத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

என் உண்மையான வழக்கு கோ மொழியோடுதான். கென் தாம்சன், ராப் பைக், ராபர்ட் கிரீசெமர் ஆகியோர் கூகுளில் உருவாக்கி 2009-இல் வெளியிட்ட மொழி. இவர்களில் தாம்சனும் பைக்கும் யாரென்றால், 1992-இல் யுடிஎஃப்-8 முறையை வகுத்தவர்கள். உலகத்து எழுத்துகளை எல்லாம் இணையத்தில் ஓடவிட்டவர்கள் என்றே சொல்லலாம். அவர்கள் மொழியில் பெயரில் வரக்கூடியவை எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். யூனிகோட் எதை எழுத்து என்கிறதோ அதுதான் எழுத்து. கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாம் யூனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, ஒட்டுக் குறிகள். ஆகவே செல்லாது. அறியாமல் நடந்ததும் இல்லை: ஒட்டுக் குறிகளைத் திட்டமிட்டே விலக்கினோம், அதனால் தேவநாகரி போன்றவை அடிபடுகின்றன என்று கோ-வின் கேள்வி-பதில் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதி எளிமையாக இருக்க வேண்டுமாம். யாருக்கு எளிமை என்று கேட்கத் தோன்றுகிறது. ஒட்டுக் குறிகளை அனுமதித்தால் சீராக்கம் வேண்டும், சீராக்கம் என்றால் கம்பைலரில் பெரிய அட்டவணைகள் வேண்டும் என்ற பொறியாளரின் கவலை எனக்குப் புரிகிறது. பைத்தான் 2008-லேயே அந்தச் செலவைச் செய்துவிட்டது என்பதும் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. கோ-வில் ஒரு பெயர் அதன் பொட்டலத்துக்கு வெளியே தெரிய வேண்டுமானால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? முன்னால் ஒரு ஆங்கில எக்ஸ் எழுத்தை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எதிர்காலப் பதிப்பு இன்னும் தாராளமாக இருக்கலாம் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். மொழி வெளிவந்து 15 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இப்போதைக்குக் கோ மொழியில் ஒரு வேரியபிளுக்கு 'அட' என்று பெயர் வைக்கலாம், 'பல' என்று வைக்கலாம். 'தமிழ்' என்று வைக்க முடியாது.