நிலத்தடித் தொட்டியும் நம் பொறுப்பும்

சென்ற இதழில் மாடியிலுள்ள குடிநீர்த் தொட்டியைப் பற்றி எழுதினோம். இம்முறை மண்ணுக்கு அடியிலுள்ள தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசக் கூசும் விஷயந்தான். ஆயினும் பேசாதிருப்பதால் விளையும் கேடு பெரிது.

குவார்ட்டர்ஸில் பல்லாண்டுகள் குடியிருந்துவிட்டு, நகரின் எல்லையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ளும் நம்மவர் அநேகர். குவார்ட்டர்ஸில் கழிவுநீரைக் கவனிப்பது நிர்வாகத்தின் வேலை. புது மனைகளிலோ பாதாளச் சாக்கடை எட்டாத இடங்கள் பல. அங்கே செப்டிக் டாங்க்தான் கதி. அதைக் கவனிப்பதும் வீட்டுக்காரர் கடமையே.

அத்தொட்டி இயங்கும் விதம் எளிது. கழிவில் கனமானது அடியில் வண்டலாகப் படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கிறது. இடையிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. வண்டலில் ஒரு பகுதியை நுண்கிருமிகள் செரித்துவிடுகின்றன. எஞ்சியது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்து, ஒருநாள் உறிஞ்சு குழிக்குள் புகுந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். தொட்டியைக் காலிசெய்வது சில மணி நேர வேலை. அடைபட்ட உறிஞ்சு குழியைச் சீர்செய்வதோ புதிதாகத் தோண்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, பொங்கி வழியும்வரை காத்திராமல், 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டலை எடுத்துவிட வேண்டும். வீடு கட்டப் போகிறவர்கள் மூடியை ஓடுகளுக்கு அடியில் புதைத்துவிடலாகாது. உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. பொரித்த எண்ணெய், காபிச் சக்கை, சாம்பல், துணி, பஞ்சு, நாப்கின் ஆகியவற்றைக் குழாயில் விடலாகாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தாராளமாகக் கொட்டினால் நன்மை செய்யும் கிருமிகள் மடிந்துபோகும். மழைநீரைத் தொட்டிக்குள் திருப்புவதும் தவறு. தூள் போட்டால் தொட்டி நிரம்பவே நிரம்பாது என்று விற்க வருவோரை நம்ப வேண்டாம். வண்டலை வெளியே எடுப்பதற்கு மாற்று வழி இல்லை.

தண்ணீர் தேங்கினால் பதற வேண்டாம். ஒரு குழாய் மட்டும் மெதுவாக வடிந்தால் அடைப்பு அந்தக் குழாயிலேயே இருக்கும். எல்லாமே தேங்கினால் வெளியிலுள்ள சேம்பரைத் திறந்து பாருங்கள். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிறைந்திருந்தால் அதற்கு அப்பால், அல்லது தொட்டியே நிரம்பிவிட்டது. அடைமழைக் காலத்தில் மண் நீரை ஏற்காமையாலும் இவ்வாறு நேரும். அப்போது துணி துவைப்பதைச் சில நாள் குறைத்துக்கொள்வது நலம்.

இனிச் சொல்லப் போவதே தலையாயது. தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் தங்கியிருக்கும். முதலாவது கொடிய நஞ்சு. அளவு மிகுந்தால் மோப்ப சக்தியையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவது தீப்பற்றக்கூடியது, விளக்கை இறக்கிச் சோதித்தல் பேதைமை. ஒருவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கியவரும் மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! அவ்வாறு நேர்ந்தால் எவரும் இறங்காமல், உடனே 101 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணம் மிச்சம் என்று கருதி, வாளியும் கயிறுமாக வருகிற ஏழையை உள்ளே இறக்குவது பாவம் மட்டுமன்று, குற்றமுமாகும். தகுந்த கருவியும் காப்பும் இன்றி எவரையும் இவ்வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. முதற் குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இத்தகைய மரணத்திற்குரிய நஷ்ட ஈட்டை 2023இல் சுப்ரீம் கோர்ட் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா?

குழாய் விட்டு உறிஞ்சும் லாரியை நகரசபை மூலமோ, அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமோ வரவழையுங்கள். ஆள் இறங்கக்கூடாது என்பதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். உள்ளூர் மொழி வசப்படாதவர்கள் சங்கத்து அன்பர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். எடுத்த கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்பதும் நம் கடமை. ஓடையில் கொட்டினால் அது ஊரார் நீரைக் கெடுக்கும்.

கடைசியாகச் சுத்தம் செய்த தேதியை மூடியின் அருகே சுவரில் எழுதி வையுங்கள். தேதி நினைவில்லாத வீட்டார், இந்த மாதமே லாரிக்குச் சொல்லி அனுப்புவது உத்தமம்.