சுவிட்சை அணைத்த பிறகும் மினுங்கும் விளக்கு... ஹோல்டரைக் கழற்றலாமா?

'எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. கூடத்தில் உத்திரத்திலிருந்து தொங்கும் பழைய ஹோல்டரில் எல்.இ.டி. பல்பு போட்டோம். சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரியில் மின்மினி மாதிரி லேசாக எரிகிறது. ஹோல்டரையே எடுத்துவிட்டு எல்.இ.டி. டியூப் லைட் மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். மேலே மூன்று வயர்கள் வருகின்றன, மூன்றும் கறுப்பு. சுவிட்சை அணைத்துவிட்டு மகனே மாற்றிவிடுவதாகச் சொல்கிறான். செய்யலாமா?'

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு மகன் ஏணியில் ஏறவே கூடாது. அதற்கான காரணம் அவருடைய கேள்வியிலேயே இருக்கிறது. அணைத்த பிறகும் விளக்கு மினுங்குகிறது என்றால், மேலே எங்கோ மின்சாரம் இருக்கிறது.

வீட்டுக்குள் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அணைத்தவுடன் ஹோல்டருக்கு மின்சாரம் போகாது. பழைய வீடுகளில் பல கைகள் மாறி மாறி வேலை பார்த்திருப்பதால், சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருப்பது சாதாரணம். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். குண்டு பல்பு இருந்த காலத்தில் இது வெளியே தெரியவில்லை. எல்.இ.டி. துளி மின்சாரத்துக்கே மினுங்கும் என்பதால் காட்டிக்கொடுத்துவிட்டது. ஓடு ஒழுகி சுவிட்ச் போர்டோ, கட்டையோ நனைந்து மின்சாரம் கசிந்தாலும், இரண்டு வயர்கள் வெகுதூரம் ஒட்டியே ஓடினாலும்கூட இப்படி மினுங்கும். எதனால் என்று தெரியாதவரை, மேலே மின்சாரம் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே மெயின் சுவிட்சையே இறக்க வேண்டும். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பழைய மெயின் போர்டுகளில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பீங்கான் கட்டைகள் இருக்கும். நியூட்ரல் கட்டையைப் பிடுங்கினாலும் வீடு முழுக்க விளக்கு அணைந்துவிடும். ஆனால், பேஸ் அப்படியே வந்துகொண்டிருக்கும். விளக்கு எரியவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும். இறக்கிய பிறகு யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி ஒருவரை அங்கேயே நிற்க வைப்பது நல்லது.

மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால், மெயினை இறக்கிய மறுநொடி அது தன் வேலையைத் தொடங்கிவிடும். அதையும் அணைத்து, வயரைப் பிரித்துவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக கரன்ட் நிறுத்தும் நாளில் மெயினை இறக்காமலே வேலை செய்யும் பழக்கம் கிராமங்களில் உண்டு. மின்சாரம் எந்த நிமிடமும் திரும்ப வரலாம் என்பதால் அதில் கைவைக்கக் கூடாது.

இனி, அந்த மூன்று வயர்கள். பழைய வயரிங்கில் நியூட்ரலை ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு இழுத்துக்கொண்டே போவார்கள். ஆகவே மூன்றில் ஒன்று சுவிட்சிலிருந்து வருவது. மற்ற இரண்டும் நியூட்ரலாக, ஒரே திருகில் சேர்த்து முறுக்கியிருக்கக்கூடும். ஒன்று வருவது, இன்னொன்று அடுத்த அறைக்குப் போவது. மெயின் போட்டிருக்கும்போது அந்த இரண்டையும் பிரித்தால், அடுத்த அறையில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் வழியாகவே பேஸ் இறங்கி, நியூட்ரல் என்று நினைத்த கம்பியில் வந்து நிற்கும். தொட்டால் ஷாக்தான். கழற்றும் முன் எந்தத் திருகில் எது என்று செல்போனில் படம் எடுத்து, சேர்ந்திருந்த இரண்டிலும் நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். நிறத்தை நம்ப வழியில்லாத வீட்டில் இதுதான் வழி. புது விளக்கிலும் அந்த இரண்டும் ஒரே கனெக்டரில்தான் சேர வேண்டும்.

டெஸ்டரை, மெயினை இறக்கும் முன்பே மின்சாரம் வரும் ஒரு பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே மூன்று வயர்களிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். மர ஏணியில் ரப்பர் செருப்போடு நிற்கும்போது டெஸ்டர் மங்கலாகவே எரியும்; பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். அலுமினிய ஏணி இந்த வேலைக்கு வேண்டாம்.

வயரின் நிலை எப்படி என்பது ஹோல்டரை இறக்கினால்தான் தெரியும். பல வருடங்கள் 60, 100 வாட் குண்டு பல்பின் சூட்டில் வெந்த ரப்பர் உறை, தொட்டதும் பொரிந்து கொட்டும். எலி கடித்திருக்கலாம். கம்பி வெள்ளையாக இருந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். அதோடு செம்புக் கம்பியை நேரடியாக முறுக்கி டேப் சுற்றினால், நாளடைவில் முறுக்கு தளர்ந்து சூடேறும். கீழே நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வீட்டில் இதைச் சும்மா விட முடியாது.

உறை கொட்டினாலோ, கம்பி அலுமினியமாக இருந்தாலோ மகன் அதோடு இறங்கிவிட வேண்டும். திறந்த முனைகளைத் தனித்தனியாக மூடாமல் மெயினைப் போடக் கூடாது. 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளின் 45-ம் விதி, விளக்கு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு தந்தது; மற்ற வயரிங் வேலைகள் உரிமம் பெற்றவருடையவை. பிறகு வந்த மத்திய மின்சார ஆணைய விதிகளும் அப்படியே சொல்கின்றன. எலெக்ட்ரீஷியனை அழைத்தால், வீடு முழுக்க வயரை மாற்றச் சொல்வார் என்று பயப்பட வேண்டியதில்லை. போர்டிலிருந்து அந்த ஒரு விளக்குக்கு மட்டும் பி.வி.சி. பைப்பில் புது செம்பு வயர் இழுத்தால், இப்போதைக்கு அந்த விளக்கு சரியாகிவிடும்.

வயர் நன்றாக இருந்தால் பிளாஸ்டிக் உடல் கொண்ட டியூப் லைட்டாக வாங்குங்கள். எர்த் கம்பி இல்லாத வீட்டில் தகர உடல் விளக்கு வேண்டாம். செல்லரித்த ரீப்பர் கட்டையில் திருகு நிற்காது. விரலால் தட்டிப் பார்த்து, உளுத்த சத்தம் கேட்டால் உத்திரத்திலேயே புதுக் கட்டை வைத்து அதில் முடுக்க வேண்டும்.

மாட்டி முடித்து மெயினைப் போட்டதும் அடுத்த அறை விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். புது விளக்கும் அணைத்த பிறகு மினுங்கினால் கோளாறு போர்டிலோ, மெயினிலோ இருக்கலாம். மெயினிலேயே பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் வீட்டில் உள்ள எல்லா சுவிட்சும் நியூட்ரலில்தான் இருக்கும். அதைச் சரிசெய்வது எலெக்ட்ரீஷியன் வேலை. அவர் வரும் நாளிலேயே மெயினுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடச் சொல்லுங்கள். எர்த் கம்பி இல்லாத வீட்டிலும், உடம்பு வழியாகத் தரைக்கு மின்சாரம் கசிந்தால் நொடிக்குள் துண்டித்துவிடும்.