காது கொடுத்துக் கேட்போம்!

"கலைக் கல்லூரியில் பயிலும் நமக்குக் காரின் கடகடப்பைப் பற்றி என்ன கவலை?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார் பலர் முதன்முதலில் வாங்குவது பிறர் ஓட்டிய காரையே. அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றவை. இன்று அவற்றை வாங்குவோர் அனைவரும் பழைய வண்டியையே வாங்குகின்றனர்.

அவ்வண்டியில் புதிதாய் ஓர் ஓசை எழுந்தால் நாம் செய்வதென்ன? ஒரு சாரார் பாட்டின் ஒலியைக் கூட்டிவிட்டுப் பயணத்தைத் தொடர்கின்றனர். மற்றொரு சாரார் ஒர்க்ஷாப்புக்கு ஓடி, "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்று தாமே தீர்ப்புக் கூறுகின்றனர். முன்னது உயிருக்குக் கேடு. பின்னது பணத்திற்குக் கேடு. ஓசை என்பது சாட்சியே அன்றித் தீர்ப்பு அன்று. அது எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்று கேட்பதே முதற்கடமை என்பது என் கருத்து.

வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் என்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச் பெடலை மிதித்ததும் ஓசை எழுந்து, காலை எடுத்ததும் மறைந்தால் ரிலீஸ் பேரிங்கை ஐயுறலாம். மாறாக, காலை எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்ததும் அடங்கினால், கியர் பாக்ஸின் உள்ளே சுழலும் முதல் ஷாஃப்டின் பேரிங்கை நோக்க வேண்டும். பெடல் ஒன்றுதான், விடைகளோ இரண்டு!

ஓடும்போது மட்டும் இரைந்து, வேகத்தோடு வளர்ந்து, கியரை மாற்றினாலும் மாறாத ஓசை பெரும்பாலும் சக்கர பேரிங்கோ டயரோ ஆகும். இடப்பக்கம் வளையும்போது பேரிங் இரைச்சல் கூடினால், பாரம் ஏறும் வலச் சக்கரத்தைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதும் ஒடிக்கையில் 'டக் டக்' என்பது, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் மாருதியில் ஆக்ஸில் ஜாயிண்டின் தேய்மானத்தைக் காட்டும். பின்சக்கரங்களால் உந்தப்படும் அம்பாசிடரிலோ, வண்டி கிளம்பும்போது 'டக்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்டைத் தேட வேண்டும்.

அதிர்வும் அவ்வாறே. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பாலன்சிங்; பிரேக்கை மிதிக்கையில் நடுங்கினால் பிரேக் டிஸ்க்; கிளட்சை விடுகையில் வண்டி உதறினால் கிளட்ச் பிளேட் அல்லது என்ஜின் மவுண்டிங். ஆனால் பிரேக்கில் இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. வண்டியை ஓரங்கட்டி, மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

இதற்குப் பொறியியல் பட்டம் தேவையா? இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை போதும். சான்றுகளை ஒப்பிட்டு முடிவுகாணும் வரலாற்று மாணவனுக்கு இது புதிதா? நோயின் காரணம் அறிந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் வகுத்த வழியும் இதுவன்றோ!

மெக்கானிக்கின் அனுபவத்திற்கு இது மாற்று அன்று, துணை. பெரும்பாலான கார்களில் ரிலீஸ் பேரிங்கை மாற்றக் கியர் பாக்ஸையே இறக்கவேண்டும். தவறான ஊகத்தால் அதை இறக்கினால் கூலி யார் தலையில்? "ஏதோ சத்தம் வருகிறது" என்பதற்குப் பதில், "மூன்றாம் கியரில், ஏற்றத்தில் வருகிறது, கிளட்சை மிதித்தால் நிற்கிறது" என்று சொல்லப் பழகுவோம். அப்படிச் சொல்பவரை ஏமாற்றுவது கடினம். நேர்மையான மெக்கானிக்குக்கோ பாதி வேலை முடிந்தது போலத்தான்.