உரோமை விட்டதும் நாம் விடாததும்

பெரியதாழைக் கடற்கரைக்கு மேலையோர் உறவு புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எரித்திரேயக் கடற்செலவு பற்றி எழுதிய கிரேக்க வணிகன், பாண்டியரின் முத்துக்குளிப்பைக் கொற்கையொடு சேர்த்துக் குறித்தான். ஒறுப்புப் பெற்ற குற்றவாளிகளே மூழ்கி முத்தெடுத்தனர் என்றும் எழுதினான். அன்று வந்தோர் பொன் தந்து முத்துக் கொண்டனர். நம் மொழியைத் தீண்டிலர்.

மொழியோடு வந்த உரோமை பிற்பட்டது. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் வந்த சவேரியார் மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து நெட்டுருவாய்க் கற்பித்தார். 1578இல் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. இவ்வளவிருந்தும் பலிமேடையில் ஒலித்தது இலத்தீனே! மேலை உரோமப் பேரரசு மாய்ந்து ஆயிரம் ஆண்டு கடந்த பின்னும், அதன் மொழியே பெரியதாழை மீனவனுக்காக இறைவனிடம் பேசிற்று. அவனோ பொருளறியாது முழந்தாளிட்டிருந்தான். (வேறொரு மொழியின் முன் அங்ஙனம் நிற்பது நமக்கும் பழக்கமே.)

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் பேரவை தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. பூசை திருப்பலியாயிற்று, 'ஞானஸ்நானம்' திருமுழுக்காயிற்று, 'சுவிசேஷம்' நற்செய்தியாயிற்று. இலத்தீனுக்குப் பின்னே வடசொல்லும் வெளியேறிய அவ்வரும்பணியை நம்மவர் போதிய அளவு போற்றினாரல்லர்.

அதே கரையின் வடபால் திருச்செந்தூர். 2021இல் தமிழக அரசு கோயில்களில் தொடங்கிய 'அன்னைத் தமிழில் அருச்சனை'யும் கேட்பார்க்கே உரியது. வாய் திறவாதவனுக்கு வடமொழியே. இலத்தீனை உரோமையே தளர்த்தியது. முருகன் திருமுன்னில் தமிழ் ஒலிக்க எந்த உரோமையின் கட்டளைக்குக் காத்திருக்கின்றோம்?