உறை பிரிக்காத புத்தகம்

கார் வாங்குமுன் மைலேஜையும் நிறத்தையும் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, டேஷ்போர்டுக்குள் கிடக்கும் வாரன்டி புத்தகத்தின் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. ஏதாவது பழுதானால் மட்டும், “வாரன்டி இருக்குல்ல?” என்று சர்வீஸ் சென்டரில் சத்தம் போடுகிறோம்.

மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால், எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. தினமும் 150 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இரண்டு ஆண்டுகூட வராது. இந்தச் சின்னக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை. பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர் போன்று தேயும் பாகங்கள் பொதுவாக வாரன்டியில் சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் வாரன்டி தனி.

வாரன்டியையும் இன்சூரன்ஸையும் குழப்பிக்கொள்வது நம் இன்னொரு அலட்சியம். வாரன்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மூழ்கிய கார்களுக்கு வாரன்டி கைகொடுக்காது. இன்சூரன்ஸ் இருந்தாலும், தேங்கிய நீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

பழைய கார் வாங்கும்போது இன்னும் மோசம். பெயின்டைத் தட்டிப் பார்ப்போம், ஆர்.சி.யைப் புரட்டுவோம், சர்வீஸ் ரசீதுகளைக் கேட்க மாட்டோம். மாருதி சுசுகி 2024 ஜூலையில்தான் இரண்டு ஆண்டு, 40,000 கிலோமீட்டர் என்றிருந்த வாரன்டியை மூன்று ஆண்டு, ஒரு லட்சமாக உயர்த்தியது. ஒரே மாடல்தான், டெலிவரி எடுத்த மாதத்தைப் பொறுத்து உரிமை மாறும். விற்பவர் எடுத்திருந்த எக்ஸ்டெண்டட் வாரன்டி நம் பெயருக்கு மாறுமா என்றும் விசாரிப்பதில்லை.

நமக்குச் சாதகமானதையும் அறியாமல் இருக்கிறோம். வெளி மெக்கானிக்கிடம் போனதற்காகவே மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. “வெளியில கைவெச்சுட்டீங்க சார்” என்று கவுண்டரில் சொன்னதும் தலையாட்டிவிட்டுத் திரும்புகிறோமே, அந்த மௌனத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

இன்றே அந்த உறையைப் பிரியுங்கள். சர்வீஸ் ரசீது, ஜாப் கார்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதையும் தூங்கிக் கழித்தால் குற்றம் நம்முடையதுதான்.